வண்டியின் மூக்குக்கு அடியில் ஒரு புள்ளி

பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பழைய கார் நிற்கிறது. என் அப்பாவைவிட மூத்த வண்டி. அதன் சொந்தக்காரர் என் அக்காவின் கணவர். மாமா குடியிருக்கும் போர்ஷனில் சைக்கிள் நிறுத்தவே இடமில்லை என்பதால் எங்கள் வாசலில் விட்டிருந்தார். திருமுடிவாக்கத்தில் ஒரு சின்னப் பட்டறையில் வெல்டர். துரு தின்ற நிலையில் வாங்கி, ஞாயிறு ஞாயிறாக வந்து உயிர் கொடுத்தார். "உன் மாப்பிள்ளை அழைப்பு இந்த வண்டிலதான் மச்சான். மேல்கூரைய கழட்டிட்டு உன்ன நடுவுல உக்கார வெச்சி ஊரையே சுத்தி வருவேன்" என்பார்.

பார்க்கப்போனால் எனக்கு அப்போது பெண்கூடப் பார்க்கவில்லை.

போன மழைக்காலத்தில் பெருங்களத்தூர் பக்கம் தண்ணீர் தேங்கிய ரோட்டில், தெரியாமல் ஒரு சிறுபாலத்தின் சுவரில் மோதிவிட்டார். அவருக்கு ஒன்றுமில்லை. வண்டியின் அடியில் ஓடும் சேஸ் மட்டும் வலது முன்பக்கம் உள்ளே வளைந்துவிட்டது. சேஸ் என்பது ஏணி மாதிரி. இரண்டு நீளப் பார், நடுவில் குறுக்குக் கட்டைகள். அதில் ஒரு முனை கோணினால் மேலே இருப்பதெல்லாம் கோணிவிடும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவன் நான் ஒருவன்தான். அதற்கு மேல் டிப்ளமோ. மறைமலை நகரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் அளவு சரிபார்க்கும் வேலை. மாமாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். "இழுக்கறது நானு, அளக்கறது நீ" என்று அவரே வேலையைப் பிரித்துவிட்டார்.

சனிக்கிழமை மாலை வண்டியை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தினோம். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டைச் சேஸின் நான்கு மூலைகளிலிருந்தும் நூலில் தொங்கவிட்டு, அது தொட்ட இடங்களைச் சிமெண்ட் தரையில் சாக்பீஸால் குறித்தேன். மூலைக்கு மூலை குறுக்கே டேப் பிடித்தால் இரண்டு அளவும் ஒன்றாக வரவேண்டும். வரவில்லை. வலது முனை எங்கே வந்து நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, அங்கே ஒரு புள்ளி வைத்தேன். நோட்டில் எழுதவில்லை. தரையில்தான் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

காலையில் அம்மா வழக்கம்போல் வாசல் தெளித்துக் கோலம் போட்டாள். தெருவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருந்ததால் கேட்டுக்கு உள்ளேயே போட்டிருந்தாள். வண்டி சரியாகப்போகிற நாள் என்று அன்றைக்குப் பெரிய புள்ளிக்கோலம்.

"அத்தே, மச்சான் போட்ட கோட்டையெல்லாம் கழுவிட்டியே" என்றார் மாமா.

"அது கோடா? கோழி கிண்டுன மாதிரி இருந்துச்சு. அதான் நல்லதா ஒண்ணு போட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாமா அதற்குள் சேஸ் முனையில் சங்கிலியைக் கட்டி, வாசல் வேப்பமரத்தில், பல் பல்லாக நகர்ந்து கனத்தை இழுக்கும் செயின் பிளாக்கை மாட்டியிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் மதில்மேல் கையூன்றி நின்றார்கள். நான்கு மூலையிலும் மறுபடி குண்டு விட்டு அளக்க அரைமணி ஆகியிருக்கும். அத்தனை பேர் பார்க்க, குறிப்பு எழுதி வைக்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. வண்டிக்கு அடியில் தவழ்ந்து பார்த்தேன். மூக்குக்கு நேர் கீழே வெள்ளையாக ஒரு புள்ளி இருந்தது.

"என் குறி அழியல மாமா. இழுங்க."

அவர் பல் பல்லாக இழுத்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் நிறுத்தி, "பாத்துட்டியா மச்சான்?" என்று கேட்டார். இரும்பு கொஞ்சம் திரும்பி வரும் என்று அதற்கும் சேர்த்து இழுத்து விட்டார். வலது முனையில் தொங்கவிட்ட குண்டு என் புள்ளியில் வந்து நின்றது. சங்கிலியைக் கழற்றிய பிறகும் அங்கேயே நின்றது. அவ்வளவு சுத்தமான கை.

மதியம் பானெட்டை மூடினால் ஒரு பக்கம் இரண்டு விரல் இடைவெளி. மாமா முகம் சுருங்கிப்போனது.

"ஒரு பல்லு ஓவரா இழுத்துட்டேன் போலகீது" என்றார்.

அப்போது நான் கேட்டருகே நின்றிருந்தேன். கோலத்தின் கடைசி வரிசை அங்கிருந்து நேராகத் தெரிந்தது. வண்டியின் மூக்கு இடித்ததால் அம்மா அந்த வரிசைக்குக் கோடு இழுக்காமல் விட்டிருந்தாள். ஒரே இடைவெளியில் புள்ளி, புள்ளி, புள்ளி. அதில் கடைசிப் புள்ளிதான் வண்டிக்கு அடியில் இருந்தது. அது என் சாக்பீஸ் இல்லை, அம்மாவின் கோலமாவு.

போய்ச் செருப்புக் காலால் அதைத் தேய்த்தேன். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "கொஞ்சம் பாத்து இழுத்திருக்கலாம் மாமா."

அவர் தலையை ஆட்டினார். மதில்மேல் நின்றவர்களில் ஒருவர், "படிச்ச புள்ள கரெக்டாதான் குறி வெச்சுது" என்றார்.

அதன் பிறகு அவர் அந்த வண்டியைத் தொடவில்லை. இரண்டு மாதம் கழித்து அக்கா போனில் சொன்னாள். பட்டறையில் வளைந்த பாரை நிமிர்த்தச் சொன்னால்கூட "என் கை சரியில்ல, வேற ஆள பாரு" என்கிறாராம். "இன்னாடா ஆச்சு அந்த மனுசனுக்கு? உனக்காச்சும் தெரியுமா?"

தெரியும் என்று அவளிடம் சொல்லவில்லை. மறுநாள் நேரே போனேன். மாமா இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, அன்னிக்கு உங்க இழுப்புல தப்பு இல்ல. நான் பார்த்த குறிதான் தப்பு. அம்மா வெச்ச கோலப்புள்ளிய என் புள்ளின்னு நெனச்சிட்டேன்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து நாளாகியிருந்தது.

"கதை வுடறதுக்கு வேற ஒண்ணும் கெடைக்கலியா? தெனம் மில்லிமீட்டர்ல பாக்கறவன் கோலப்புள்ளிய பாத்து ஏமாந்துடுவானா? உங்க அக்கா சொல்லி அனுப்பிச்சாளா?"

"சத்தியமா மாமா."

"நீ நல்லவன் மச்சான். அதான் என் தப்ப உன் தலைல போட்டுக்கற. இட்லி சாப்டு."

சாப்பிட்டேன். புள்ளியைக் காலால் தேய்த்ததையும் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். அதைச் சொல்லவில்லை. நல்லவன் என்று பெயர் வாங்கிக்கொண்டு இரண்டு இட்லியோடு எழுந்து வந்தேன்.

தேய்த்ததை இங்கே எழுதிவிட்டேன். எழுதும்போதே ஒன்று உறுத்துகிறது. இதை அவர் படிக்க மாட்டார். படிக்க மாட்டார் என்பதால்தான் இவ்வளவு சுலபமாக வருகிறதோ என்னவோ.

இந்த ஞாயிறு அவரை எங்கள் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். மறுபடி அளந்து குறி வைக்கப்போகிறேன், அன்றைக்கு வாசலைக் கழுவவேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். அவளிடம்தான் முதலில் சொன்னேன், காலால் தேய்த்தது வரைக்கும். அம்மா என் காலைப் பார்த்தாள்.

"கழுவுவேன். கோலமும் போடுவேன்" என்றாள். "அதே கோலம். கடைசிப் புள்ளி எங்க விழுதுன்னு வந்து பாக்கட்டும்."