அக்கா கேட்ட கடிதங்கள்

எங்கள் அக்கா கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு ஆகிறது.

மயிலாடிக்கு அடுத்த எங்கள் ஊரில் மூத்த மகளாகப் பிறந்தார்கள். பீர்மேடு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த அப்பா அங்கேயே காலமானபோது, அக்கா ஆசிரியப் பயிற்சி முடித்திருந்தார்கள். என்னைப் படிக்கவைப்பதற்காக, வந்த வரன்களையெல்லாம் வேண்டாமென்றார்கள்.

அக்கா ஓய்வுபெற்ற பின்பு, சென்னை ஆராய்ச்சி நூலகம் ஒன்று எங்கள் சபையோடு சேர்ந்து, வீடுகளிலுள்ள பழைய கடிதங்களையும் பாட்டு நோட்டுகளையும் படமெடுத்துப் பாதுகாக்க முன்வந்தது. ஊரில் யாரும் கொடுக்கவில்லை. முன்பு ஒருவர் பார்த்துவிட்டுத் தருவதாகக் கொண்டுபோன சபைப் பதிவேடு திரும்பி வரவே இல்லை.

"கொண்டு போனவன் வந்தானா டீச்சரே?" என்றார் பக்கத்து வீட்டுத் தங்கபாய் மாமி.

"ஒரு தாளும் ஊர விட்டுப் போவாது மாமி. அவியதான் கேமராவோட இங்க வருவாவ. எழுதி வாங்கியிருக்கேன்."

முழங்கால் வலியோடு அக்கா வீடு வீடாக நடந்து கேட்டார்கள். கதவுகள் திறந்தன. தோட்டத்திலிருந்த அப்பாவுக்கு அம்மா எழுதிய கடிதங்களை மட்டும், "நம்மது கடைசில போதும்" என்று ஒதுக்கிவைத்தார்கள். எங்கே வைத்தார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அதற்குள் புற்றுநோய். அக்கா மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது வீடு சுத்தமாக இருக்கட்டும் என்று வெள்ளையடிக்க ஏற்பாடு செய்தேன். பரணில் துருப்பிடித்துக் கிடந்த பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் பழைய இரும்பு, பேப்பர் எடுப்பவரிடம் கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து அக்கா சொன்னார்கள்:

"லைப்ரரிக்காரவிய வந்தா பரணுல கெடக்க பெட்டிய எடுத்துக் குடு மக்கா. அதுலதான் அம்மைக்க காயிதம் இருக்கு."

வடசேரியிலிருந்த அவருடைய பழைய பேப்பர் கடைக்கு ஓடினேன். பெட்டி இருந்தது, காலியாக. தாள்கள் லாரியில் ஏறிப் போய்விட்டிருந்தன. நூலகத்தார் ஊருக்கு வந்துபோன மறுநாள் அக்கா கேட்டார்கள்:

"குடுத்தியா மக்கா?"

"குடுத்தாச்சு அக்கா."

"அம்மைக்க எழுத்து படத்துல நல்லா விழுந்திருக்கா?"

"நல்லா விழுந்திருக்கு."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான்காம் நாள் எங்களைவிட்டுப் போய்விட்டார்கள்.

நூலகம் அனுப்பிய பட்டியலில் எங்கள் தெரு வீடுகள் எல்லாம் இருக்கின்றன, எங்கள் வீட்டைத் தவிர. இதுவரை யாரிடமும் இதைச் சொல்லவில்லை. மனைவியிடம்கூட.

அக்காவின் படுக்கையருகே மாறி மாறி இருந்த செவிலியருக்கும், கஞ்சி கொண்டுவந்து ஊட்டிய தங்கபாய் மாமிக்கும், ஜெபத்தில் தாங்கிய போதகருக்கும், அடக்க ஆராதனைக்குச் சென்னையிலிருந்து வந்து அழுதுகொண்டு நின்ற நூலகப் பிள்ளைகளுக்கும் நன்றி.

சொந்தபந்தங்களிடம் ஒன்று கேட்கிறேன். எங்கள் அம்மா உங்கள் வீட்டுக்கு எழுதிய கடிதம் ஒன்றாவது இருந்தால் சொல்லுங்கள். நூலகத்தார் உங்கள் வீட்டுக்கே வருவார்கள், தாள் உங்களிடமே இருக்கும். அக்காவிடம் நான் சொன்னதில் பாதியாவது உண்மையாகட்டும்.

தம்பி