காலையில் குடிக்காத மருந்து

எண்டோஸ்கோபி அறையில் நின்று நின்றே என் இடுப்பு போய்விட்டது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள், "இதுல எது சிஸ்டர் கஷ்டம்?" என்று கேட்பார்கள். ஸ்கோப் குழாயைக் கழுவுவது என்று சொல்வேன் என எதிர்பார்ப்பார்கள். அது கை வேலை, பழகிவிடும். குடலைச் சுத்தமாக்கும் மருந்தைக் "குடிச்சேன்" என்று நோயாளி சொல்வதை நம்புவதுதான் கஷ்டம்.

மிக்கேல் அண்ணாச்சி கடலில் முங்கிச் சங்கு குளிக்கிறவர். அவருக்கு ஒரு தொந்தரவும் கிடையாது. ஆனால் அவருடைய அண்ணன் பெருங்குடல் புற்றுநோயில் இறந்திருந்தார். கூடப்பிறந்தவரும் பெருங்குடலுக்குள் டியூப் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபி பார்த்துக்கொள்வது நல்லது என்று டாக்டரம்மா சொன்னதால், மனைவி செல்வமேரி அவரைப் பிடித்து இழுத்து வந்திருந்தாள்.

"எங்க அண்ணனுக்கும் டியூப் விட்டுப் பாத்தாவ சிஸ்டர். ஒண்ணுமில்லன்னு சொன்னாவ. பொறவு அண்ணனே இல்லாமப் போயிட்டாவ. இதுல என்ன தெரியப் போவுது?" என்றார்.

"மருந்து குடிச்சீங்களா?"

"முழுசும் குடிச்சாச்சு."

மயக்க ஊசி வேண்டாம் என்று மறுத்துவிட்டு, படுத்தபடியே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குடலின் இடது பக்கம் பரவாயில்லை. வலது பக்கம் போனதும் சுவரெல்லாம் மஞ்சள் குழம்பு. தண்ணீர் அடித்து உறிஞ்சிப் பார்த்தோம், அசையவில்லை.

"பாதியைக் காலையில குடிக்கச் சொன்னோமே?" என்றார் டாக்டரம்மா.

"ராத்திரியே ரெண்டையும் முடிச்சிட்டேம்மா. முங்குறவன் காலையில வயித்துல தண்ணி ஏத்த மாட்டான். அடியில போனா வாந்தி வந்துரும்."

"இன்னைக்கு நீங்க கடலுக்கா போறீங்க?" என்று நான் எரிந்து விழுந்தேன்.

"பழக்கம் சிஸ்டர்."

ராத்திரி குடித்தது ராத்திரியோடு சரி. விடிவதற்குள் பித்தநீரும் சிறுகுடலில் இருந்து வருவதும் வலது பக்கத்தில் மறுபடி படிந்துவிடும். அதைக் கழுவத்தான் காலைப் பங்கு.

வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். "போதும் டாக்டர், முடிச்சு அனுப்பிடலாம்" என்று எனக்கு வாய் வரை வந்தது. டாக்டரம்மாவோ டியூபை வெளியே எடுத்துவிட்டார்.

"இங்கேயே இன்னொரு பங்கு குடிங்க. சாயங்காலம் கடைசி ஆளா பாக்கிறேன்."

"முடியாதும்மா. நாளைக்குக் கடலுக்குப் போவணும்."

"கடல் கலங்கிக் கிடந்தா முங்குவீங்களா?"

"கலங்கல்ல எவன் முங்குவான்? கண்ணே தெரியாது."

"எனக்கும் அப்படித்தான்."

அண்ணாச்சி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, செல்வமேரியைத் திட்டிக்கொண்டே குடித்து முடித்தார். எனக்கும் வீட்டுக்குப் போகும் நேரம் தள்ளிப்போனது. நானும் மனதுக்குள் திட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் குடல் பளிச்சென்று இருந்தது. டாக்டரம்மா அவசரப்படாமல் ஒவ்வொரு மடிப்பாக விலக்கிப் பார்த்தபடி டியூபை வெளியே இழுத்துவந்தார். வலது பக்கம் ஒரு மடிப்பின் பின்னால், சுவரின் நிறத்திலேயே, தட்டையாக ஒரு சிறு சதை வளர்ச்சி, பாலிப். காலையில் அந்த இடமே எங்களுக்குத் தெரியவில்லை. சுருக்குக் கம்பி போட்டு எடுத்து பயாப்சிக்கு அனுப்பினோம்.

ரிசல்ட் வந்த அன்று புருஷனும் மனைவியுமாக வந்தார்கள். புற்றுநோய் இல்லை, விட்டிருந்தால் ஆகியிருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். செல்வமேரி சிலுவை போட்டுக்கொண்டாள். அண்ணாச்சி முகத்தில் மட்டும் சந்தோஷம் இல்லை. வெளியே வந்ததும் என்னிடம் நின்றார்.

"அண்ணனுக்கு டியூப் விட்ட அன்னைக்குக் காலையில மருந்தைக் கலக்கி வச்சிருந்தாவ சிஸ்டர். 'குடிக்காதண்ணே, வாந்தி வரும்'னு நான்தான் வாங்கிக் கீழ ஊத்துனேன்."

செல்வமேரி அவர் கையைப் பிடித்து பஸ் ஸ்டாப்புக்குக் கூட்டிப்போனாள்.

இப்போது "மருந்து குடிச்சீங்களா?" என்று நான் கேட்பதில்லை. "காலையில கடைசியா போனது என்ன நிறம்?" என்று கேட்கிறேன். சிலர் வெட்கப்படுவார்கள், சிலர் முறைப்பார்கள். தெளிந்த மஞ்சள் தண்ணீர் என்றால் உள்ளே அனுப்புவேன். கலங்கல் என்றால் டாக்டரைக் கேட்டுவிட்டு மறுபடி ஒரு பாட்டில். முந்தின நாள் மருந்தைக் கொடுக்கும்போதே, காலைப் பங்கு எதற்கு என்பதையும் கூட வந்தவர்களுக்கும் சேர்த்துச் சொல்லி அனுப்புகிறேன். தொண்டை வறண்டுதான் போகிறது. ஏன் என்று தெரியாத மருந்தை, பாசமுள்ளவர்களே வாங்கிக் கீழே ஊற்றிவிடுவார்கள்.