கொழுந்தனாரின் எட்டாம் நிலைத் தேர்வு

எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் என் கொழுந்தனார் முதலில் அதன் விரல்களைப் பார்ப்பார். பிறகு தோள், அப்புறம் முழங்கால். பார்த்து முடித்ததும் வாய்க்குள்ளேயே ஓர் அளவைச் சொல்லிக்கொள்வார். "கால்." "அரை." சில சமயம், சற்று யோசித்து, "முக்காலுக்கு இன்னும் ஆறு மாசம்."

பதினைந்து வருடமாகப் பார்க்கிறேன், இந்தப் பழக்கம் மாறவில்லை. ஒருமுறை பேருந்தில் எதிரே இருந்த பையனைப் பார்த்து "அரை" என்று சொல்லிவிட்டார். அவன் அம்மா, "யாரைப் பாத்து அரைங்கிறீங்க? எல்லாப் பாடத்துலயும் பாஸ் பண்றவன்!" என்று சண்டைக்கு வந்துவிட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் மகள் பிறந்த மறுநாள் மருத்துவமனைக்கு வந்து, துணியில் சுற்றிக் கிடந்தவளின் விரலைப் பிரித்துப் பார்த்து, "வீசம்கூட இல்லையே அண்ணி" என்று வருத்தப்பட்டார்.

அவர் ஓர் இசைப் பள்ளியில் செல்லோ வாத்தியார். வயலினுக்குப் பெரியண்ணன் மாதிரி இருக்கும் செல்லோ. நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் அணைத்துப் பிடித்து, வில்லால் வாசிக்க வேண்டும். குழந்தைகளுக்கு அவர்கள் உடம்புக்கு ஏற்றபடி சின்ன அளவுகளில் உண்டு. ஆகச் சின்னது வீசம், அதாவது பதினாறில் ஒரு பங்கு. வளர வளர அரைக்கால், கால், அரை, முக்கால், கடைசியில் முழு. கொழுந்தனார் ஆள் கொஞ்சம் குள்ளம். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் முக்கால் மாஸ்டர். அது அவருக்கும் தெரியும். "அவங்க சொல்றதுலயும் தப்பில்ல அண்ணி" என்பார்.

பத்தொன்பது வருடமாக அந்த வகுப்பை நடத்துகிறார். வருடத்துக்கு ஒரு கச்சேரி, ஒரு தேர்வு. கச்சேரியில் பெற்றோர்கள் முன்னால் பிள்ளைகள் வாசிப்பார்கள். இவர் திரைக்குப் பின்னால் நின்று, இடது கை விரல்களைத் தன் வலது முழங்கையில் அழுத்தி அழுத்தி, எல்லாருக்காகவும் சேர்த்து வாசிப்பார். கச்சேரி முடிந்த இரவு அந்தக் கையில் சிவப்புச் சிவப்பாகத் தடம் இருக்கும். ஆனால் ஒரு தடவைகூட அவர் மேடையில் தனியாக வாசித்ததில்லை. பதினேழு வயதில் கடைசித் தேர்வான எட்டாம் நிலைக்குப் போய், வில் நடுங்கி, பாதியில் எழுந்து வந்தவர். இந்தக் கதை வீட்டில் எல்லாருக்கும் தெரியும். யாரும் பேசுவதில்லை, என் வீட்டுக்காரரைத் தவிர.

போன வருடம் அவருடைய செல்லோ பெட்டியைத் துடைக்கும்போது, உள்ளே துணிக்கு அடியில் மடித்து வைத்த இசைப் பள்ளிக் கடிதம் ஒன்று கிடைத்தது. எட்டாவதோடு பள்ளியை விட்டவள் நான், ஆனாலும் கடிதம் புரிந்தது. எட்டாம் நிலைச் சான்றிதழ் இல்லாத ஆசிரியர்கள் இந்த வருடமே தேர்வு எழுதித் தேற வேண்டும். இல்லையென்றால் வகுப்பு வேறொருவருக்குப் போகும்.

கடிதத்தை இருந்தபடியே மடித்து வைத்தேன். ஆனால் நான் சரியாக மடிக்கவில்லை போலிருக்கிறது. அன்று மாலையே சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"அண்ணி, அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க."

"எதை தம்பி? நீங்க பரீட்சை எழுதப் போறதையா?"

"எழுதறதா இருந்தா பக்கத்துல பாத்து எழுதிடலாமே. இது வாசிக்கணும்."

விண்ணப்பத்தில் பெற்றோர் அல்லது காப்பாளர் கையெழுத்து என்று ஒரு கட்டம் இருந்தது. அலுவலக குமாஸ்தாவிடம் தனக்கு நாற்பத்து மூன்று வயது என்று இவர் சொல்லிப் பார்த்தார். "காலியா விட்டா கம்ப்யூட்டர் எடுத்துக்காது சார்" என்று அவர் திருப்பித் தந்துவிட்டார். ஆகவே நான்தான் கையெழுத்துப் போட்டேன். உறவு என்ற இடத்தில் 'அண்ணி' என்று எழுதினேன்.

அந்தத் தாளை என் வீட்டுக்காரர் மேசையில் பார்த்துவிட்டார், அதன் பிறகு மறைக்க முடியவில்லை. அவர் பேருந்துப் பணிமனையில் மேஸ்திரி. பகல் முழுக்க சத்தம் போட்டே பழகியவர்.

"என்னடா, நாளைக்கு பென்சில் பாக்ஸ் வாங்கிட்டு வரட்டுமா? தண்ணி பாட்டில்ல பேர் எழுதணுமா?"

"சும்மா இருண்ணா."

"பாதியில எந்திரிச்சு வந்தா இந்தத் தடவ உன் காப்பாளரக் கூப்பிட்டுத்தான் விசாரிப்பாங்க, பாத்துக்க."

சொன்னாரே தவிர, அன்றிலிருந்து கொழுந்தனார் அறையில் பயிற்சி செய்யும் நேரத்தில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டார். சுவர் வழியாக வரும் வாசிப்பு நன்றாகவே இருக்கும். நான் காப்பி கொண்டுபோய்க் கதவைத் திறந்தால் போதும், வில் கிரீச்சென்று கத்தும். அப்புறம் டம்ளரை வாசலில் வைத்துவிட்டு வர ஆரம்பித்தேன்.

தேர்வு நாளில், அவரிடமே கற்றுக்கொள்ளும் என் மகளுக்கும் ஐந்தாம் நிலைத் தேர்வு. அவள் முக்கால். மூன்று பேரும் ஒன்றாகப் போனோம். தேர்வு அறைக்கு வெளியே நடைவழியில் வரிசையாக நாற்காலிகள். அவற்றில் பிள்ளைகள், பிள்ளைகளுக்கு நடுவில் எங்கள் கொழுந்தனார், சட்டைப் பையில் வரிசை எண் குத்தி. பக்கத்தில் வகுப்பிலேயே சின்னவள், வீசம் வைத்திருக்கும் ஆறு வயதுப் பெண்.

"மாஸ்டர், உங்களுக்கு பயமா இருக்கா?"

"இல்லடா."

"அப்ப ஏன் வில்லு ஆடுது?"

அவர் வில்லை மடியில் வைத்தார். மடி ஆடியது.

"மூக்கால மூச்சு விடுங்க மாஸ்டர். ஃபெயிலானா ஒண்ணும் பண்ண மாட்டாங்க. நான் ரெண்டு தடவ ஆயிட்டேன்."

பயத்துக்கு அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து வேலை. எழுந்து ஒவ்வொரு பிள்ளையின் செல்லோவையும் வாங்கிச் சுருதி சேர்க்கத் தொடங்கினார். கடைசியாக என் மகளுடையதை எடுத்து, குனிந்து காதை வைத்து, தந்தியைச் சுண்டிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. "எண் பதினொன்று!" என்று ஓர் அம்மாள் கூப்பிட்டார். கொழுந்தனார் தூக்கிவாரிப் போட நிமிர்ந்தார். கையில் இருந்ததோடு உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது.

அவருடைய முழு செல்லோ சுவரில் சாய்ந்தபடியே இருந்தது.

"அம்மா, சித்தப்பா என்னோடத எடுத்துட்டுப் போயிட்டாரு!"

கதவில் ஒரு கை அகலத்துக்குக் கண்ணாடி இருந்தது. அதற்கு மேலே 'தட்டாதீர்கள்' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். நான் தட்டக் கையைத் தூக்கினேன். இறக்கினேன். மறுபடி தூக்கினேன். "தட்டும்மா!" என்றாள் மகள். சின்ன செல்லோவில் சுரங்கள் நெருக்கமாக இருக்கும். முழுவில் பழகிய விரல் முக்காலில் எங்கேயோ போய் விழும் என்று அவளே எனக்குச் சொல்லியிருக்கிறாள். ஆனால் எழுதி ஒட்டியிருக்கும் ஒன்றை மீறி நான் எதையும் செய்தவள் இல்லை. என் கோழைத்தனத்தால் அவர் வகுப்பே போகப்போகிறது என்று நினைத்துக்கொண்டு, தூக்கிய கையோடு நின்றேன்.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உட்கார்ந்துவிட்டார். செல்லோவைத் தரையில் ஊன்றும் கீழ்க் கம்பி என் பன்னிரண்டு வயது மகளுக்கு வைத்த உயரத்தில் இருந்ததால், முழங்கால்கள் இரண்டும் மேலே தூக்கிக்கொண்டிருந்தன. கண்ணை மூடிக்கொண்டு வில்லைத் தந்திமேல் வைத்தார். முதல் சுரத்திலேயே தெரிந்துகொண்டார் போல, கண்ணைத் திறந்து கையிலிருந்ததைப் பார்த்தார். பாதியில் எழுந்து வந்துவிடுவார் என்றே நினைத்தேன்.

எழவில்லை. தோள் இறங்கியது. முகம் வகுப்பில் இருக்கும் முகமாக மாறியது. வாசிக்க ஆரம்பித்தார். கூடவே பேசவும் ஆரம்பித்தார்.

"இப்ப இங்க பாரு, நாலாவது விரல், அவசரப்படாத. வில்ல முழுசா இழு. ம்... அப்படித்தான்."

"யார்கிட்டம்மா பேசுறாரு?" என்றாள் மகள், என் கைக்கு அடியில் நுழைந்து பார்த்து.

மேசைக்குப் பின்னால் இருந்த தேர்வாளரிடம்தான். முடி நரைத்த, கண்ணாடி போட்ட, கடுகடுவென்று இருந்த பெரிய மனுஷி. எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பத்தொன்பது வருடமாக இவர் மற்றவர் முன்னால் வாசித்ததெல்லாம் பிள்ளைகளின் செல்லோவை வாங்கி வாசித்துக் காட்டியதுதான். முழு செல்லோவைத் தொட்டால் அது தேர்வு. முக்காலைத் தொட்டால் அது வகுப்பு. விரல்கள் ஓரிடத்திலும் பிசகவில்லை. நான் மெல்லக் கையை இறக்கினேன்.

வெளியே வந்தவர் செல்லோவை என் மகளிடம் நீட்டினார்.

"சுருதி சரியா இருக்கு. போ."

அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து, என்னைப் பார்த்து, "அண்ணி, அந்தம்மாவ 'வாடா போடா'ன்னு ஏதாவது சொன்னேனா?" என்று கேட்டார்.

"வா போ இல்ல தம்பி. தோள இறக்குன்னு சொன்னீங்க."

முடிவு மூன்று வாரத்தில், காப்பாளர் பெயருக்கு வந்தது. தேர்வு அலுவலகக் கவரில் என் பெயரைப் பார்த்த தபால்காரர், "நீங்களா பரீட்சை எழுதினீங்க?" என்று கேட்டார். கொழுந்தனாருக்கு நூற்றுக்கு எண்பத்தொன்று. அடியில் தேர்வாளர் கையால் எழுதியிருந்தார்: 'வாசிப்பு மிக நன்று. கருவி விண்ணப்பதாரருக்குச் சிறியது. வாசிக்கும்போது பேசுவதைத் தவிர்க்கவும். தோளை இறக்கச் சொன்னார், இறக்கினேன்.'

என் மகளுக்கு எண்பத்து நான்கு. அதை அவள் சித்தப்பாவிடம் ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது சொல்வாள். என் வீட்டுக்காரர் உண்மையிலேயே ஒரு பென்சில் பாக்ஸ் வாங்கி வந்தார். வில்லுக்குத் தடவும் பிசினைக் கொழுந்தனார் அதில்தான் வைத்திருக்கிறார்.

வகுப்பு இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. பதினெட்டுப் பிள்ளைகள். வீசம் வைத்திருந்த பெண் மூன்றாவது தடவை தேறி, அரைக்காலுக்கு மாறிவிட்டாள். இந்த வருடக் கச்சேரியிலும் அவர் தனியாக வாசிக்கவில்லை, திரைக்குப் பின்னால்தான் நின்றார். என் மகள் முழுவுக்கு மாறிவிட்டதால் அந்த முக்கால் செல்லோ அவர் அறையில் இருக்கிறது, அதைத்தான் எடுத்து வாசிக்கிறார். இப்போது நான் கதவைத் திறந்து காப்பியை மேசையிலேயே வைத்துவிட்டு வருகிறேன். வாசிப்பை அவர் நிறுத்துவதில்லை.