போர்க்கோபுரத்துக்குள் அப்பா

அந்த வாரம் அப்பாவால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அம்மா மதுரை ஆஸ்பத்திரியில் இருந்தாள். கழுத்தில் சின்னக் கட்டி, எடுத்துவிட்டு வந்துவிடுவாள் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பதைச் சொல்லவில்லை. பெரியம்மாவைத் துணைக்கு வைத்துவிட்டு, என்னைப் பார்த்துக்கொள்ள அப்பா காரைக்குடிக்குத் திரும்பியிருந்தார். வாசலுக்குப் போவார், வருவார், போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்ப்பார், மறுபடியும் வாசலுக்குப் போவார்.

எனக்கோ வேறு கவலை. புதுவயல் அத்தை மகனும் நானும் வீடியோக்களைப் பார்த்து ஒரு போர் விளையாட்டைப் பழகியிருந்தோம். தரையில் போர்வையை விரித்து, சுண்டுவிரல் உயர அட்டைச் சிப்பாய்களை நிறுத்தி, தாயக்கட்டையை உருட்டி, ஸ்கேலால் அளந்து அளந்து நகர்த்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒரு கோட்டையோடு வருவதாக அவன் சொல்லியிருந்தான். அதன் மதிலில் என் ஆட்கள் ஏற, சக்கரம் வைத்த போர்க்கோபுரம் ஒன்று வேண்டும். முழங்கால் உயரம் போதும்.

என் அட்டைகளைக் கண்டாலே அப்பாவுக்கு ஆகாது. "வீடா இது, பழைய பேப்பர் கடையா?" என்று கத்துவார். அந்த வெள்ளிக்கிழமை என்ன தோன்றியதோ, என் பக்கத்தில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"கட்டரை இங்குட்டுக் கொடு. நீ கைய வெட்டிக்கிருவ."

வெட்ட ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. ஒரு தட்டு முடிந்ததும் அதன்மேல் இன்னொன்று வேண்டும் என்றார். அட்டை தீர்ந்ததும் செக்காலை ரோட்டுக் கடைக்குப் போய், பிரிட்ஜ் வந்த பெரிய பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி ஸ்கூட்டரில் கட்டினார். காற்று இழுத்ததால் வழியெல்லாம் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தாராம். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அப்போதும் ஓயவில்லை. ஜன்னல் வெட்டுவார், கோணல் என்று பிய்த்து எறிவார், திரும்ப வெட்டுவார். நடுநடுவே போனை எடுத்துப் பார்ப்பார்.

சனிக்கிழமை மத்தியானம் கோபுரம் என் தலையைத் தாண்டிவிட்டது. என் சிப்பாய்கள் அதன் காலடியில் எறும்புகளாகிப் போனார்கள்.

"அப்பா, போதும்ப்பா. எதுக்கு இம்புட்டுப் பெருசாக்குறீக? போர்வையில நிக்காது."

"இன்னும் ஒரே ஒரு தட்டு."

"காலையில இருந்து இதையேதான் சொல்றீக."

"சொல்லிட்டுப் போறேன். அந்த டேப்பை எடு."

நான் டேப்பை எடுத்துக் கொடுக்கும்போது போன் அடித்தது.

"சொல்லுங்க மதினி... டாக்டரே சொன்னாரா, சாதாக் கட்டிதான்னு?... நல்லாக் கேட்டீகளா? இன்னொரு தடவ கேட்டீகளா?... சரி மதினி. சரி."

போனைப் பையில் போட்டார். கோபுரத்தின் பின்பக்கம் திறந்திருந்தது. குனிந்து அதற்குள் நுழைந்துவிட்டார்.

உள்மூட்டுகளைச் சரிபார்க்கப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். "உள்ள டேப் ஒட்டணுமாப்பா?" என்று கேட்டேன். மறுபடி கூப்பிட்டேன். "ம்" என்று மட்டும் வந்தது. பிறகு பக்கச் சுவர் மெல்ல வெளியே பிதுங்கி, மடங்கி, நசுங்கியது.

"அப்பா! சாயாதீக! பசை காயலை!"

வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது. உள்ளே ஒரே பசை நெடி என்றார்.

"நாளைக்குச் சண்டை. இப்பப் போயி இடிச்சுப்புட்டீகளே!" எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஆமா, இடிச்சுப்புட்டேன்," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஆத்திரமூட்டியது. "அழுகாத. அம்மா நாளைக்கு வந்திரும்."

"அம்மாவுக்கு இதெல்லாம் ஒட்டத் தெரியாது!"

மறுநாள் அத்தை மகன் கோட்டையோடு வந்து, கோபுரத்தைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். "இதுக்குப் பக்கத்துல என் கோட்டை செருப்புப் பெட்டி மாதிரி இருக்கு. நான் ஆட்டைக்கு வரலை." அவனை ஒருவழியாகச் சம்மதிக்க வைத்து, போர்வையை விரித்துச் சிப்பாய்களை நிறுத்தும்போது வாசலில் கார் வந்து நின்றது. கழுத்தில் கட்டோடு அம்மா மெதுவாக இறங்கி உள்ளே வந்தாள்.

"என்னடி இது, வீட்டுக்குள்ள தேரு?"

நான் புகாரை மூச்சுவிடாமல் கொட்டினேன். "அப்பாதாம்மா இம்புட்டுப் பெருசாக் கட்டுனாக. பெறகு அவுகளே நசுக்கிட்டாக. பெரியம்மா போன் பண்ணுச்சு, பேசி முடிச்சதும் இதுக்குள்ள போயி உக்காந்துக்கிட்டாக. எவ்வளவோ கூப்பிட்டேன், வெளியவே வரலை."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அவர் சட்டென்று குனிந்து தரையில் கட்டரைத் தேட ஆரம்பித்தார். கட்டர் அவர் கையில்தான் இருந்தது.

அம்மா கோபுரத்தை நெருங்கி, நசுங்கிய இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். வைத்த கையை எடுக்கவே இல்லை. ஒரு ஓட்டை அட்டையில் அப்படி என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. தாயக்கட்டை என் கையில் தயாராக இருந்தது. "தள்ளிக்கம்மா, சண்டை ஆரம்பிக்கணும்," என்று அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன்.