அண்ணாச்சி வீட்டு நாய்

கோவில்பட்டிக்கு நாங்கள் குடிவந்தது தொண்ணூறுகளின் பின்பாதியில். என் வீட்டுக்காரருக்கு ஒரு நூற்பு மில்லில் ஃபிட்டர் வேலை கிடைத்திருந்தது. மூத்தவனுக்கு நாலு வயசு. இளையவள் கைக்குழந்தை. வீடு பார்க்கப் போன இடத்திலெல்லாம் நான் அறையை எண்ணவில்லை, தண்ணீரைத்தான் கேட்டேன். குழாயில் எட்டு நாளைக்கு ஒருமுறை, பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வந்த காலம் அது. அதனால் அண்ணாச்சி காம்பவுண்டில் ஒரு வீடு காலியாக இருக்கிறது, உள்ளேயே கிணறும் பெரிய தொட்டியும் இருக்கின்றன என்று தெரிந்ததும் வீட்டுக்காரர் அன்றைக்கே பேசி முடித்துவிட்டார்.

அண்ணாச்சிக்கு மார்க்கெட்டில் வத்தலும் உளுந்தும் வாங்கி விற்கும் கமிஷன் கடை. முன்னால் அவருடைய பெரிய வீடு, பின்னால் எங்கள் வீடு, நடுவில் முற்றம். முற்றத்தில் கிணற்று மோட்டாருக்கு ஒரு சின்ன அறை. அந்த அறையின் சுவரில் அடித்திருந்த இரும்பு வளையத்தில்தான் அந்த நாயைக் கட்டியிருந்தார்கள்.

சிப்பிப்பாறை வேட்டை நாய். பொட்டை. சந்தன நிறம், நீண்ட முகம். அண்ணாச்சியின் மகன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஆசைப்பட்டு வாங்கி வளர்த்தது. அவன் மெட்ராஸுக்கு காலேஜ் படிக்கப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்த ஒரு வருஷமாக நாய் சுவரோடு கிடந்தது. சங்கிலி நாலு முழம் இருக்கும். கடையிலிருந்து சாப்பாட்டு வாளி எடுக்க வரும் ஆள் ஞாபகம் இருந்தால் சோற்றை ஒரு அலுமினியச் சட்டியில் எறிவான். தண்ணீர் பெரும்பாலும் இருக்காது. காது மடல் முழுக்க உண்ணி. நகம் வளர்ந்து வளைந்திருந்தது. கழுத்துப்பட்டை உரசி, தோல் சிவந்து கிடந்தது.

நான் மணியாச்சிப் பக்கம் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். பிளாட்பாரத்து நாய்களோடு பழகியே பெரியவளானேன். இதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. குடிவந்த மூன்றாம் நாளே வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

“உனக்கு முன்னால இந்த வீட்டுல இருந்தவர் ஒரு வார்த்தை கேட்டாராம். ‘நீங்க வாடகைக்கு வந்தது வீட்டுக்கா, நாய்க்கா?’ன்னு அண்ணாச்சி திருப்பிக் கேட்டிருக்கார். அடுத்த மாசமே வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாராம். ரெண்டு பிள்ளையை வச்சுக்கிட்டு தண்ணிக்கு எங்க போவ?”

அது மட்டுமில்லை. அந்த நாய் பால்காரரை ஒருமுறை கடித்திருந்தது. என் மகன் முற்றத்தில் ஓடினாலே எழுந்து நின்று உறுமியது. சங்கிலி எட்டும் தூரத்தைச் சுற்றி வீட்டுக்காரர் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டு வைத்தார். மகன் அதைத் தாண்டக் கூடாது.

நான் தாண்டவில்லை. அரிசி கழுவின தண்ணீரை ஒரு சட்டியில் ஊற்றி, துணி காயப்போடும் கம்பால் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளினேன். முதல் நாள் கம்பைக் கடித்தது. இரண்டாம் நாள் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கம்பைக் கடித்தது. ஒரு வாரத்தில் கம்பைப் பார்த்ததும் வாலை ஆட்டியது. மோர்ச்சோறு, கருவாட்டுத் தலை, ஆறின கம்பங்கூழ் என்று ஒவ்வொன்றாகத் தள்ளினேன். அதன் பேர் எனக்குத் தெரியாது, கேட்கவும் பயம். எங்கள் பக்கம் பெண்பிள்ளைகளைக் கூப்பிடுவதுபோல ‘ஏட்டி’ என்று கூப்பிட்டேன். பொட்டைதானே. அதுவும் திரும்பிப் பார்த்தது.

ஒரு மதியம் நான் கம்போடு நிற்கும்போது பெரிய வீட்டின் அடுப்படி ஜன்னல் திறந்தது. அண்ணாச்சியின் மனைவி. நான் அவர்களை மதினி என்றுதான் கூப்பிடுவேன். மதினி என்னைப் பார்த்தார்கள், சட்டியைப் பார்த்தார்கள், ஜன்னலை மெல்ல மூடிக்கொண்டார்கள்.

அவ்வளவுதான், சாமான்களைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். மறுநாள் காலை துவைக்கிற கல்லின் மேல் ஒரு தூக்குவாளி இருந்தது. திறந்தால் பழைய இட்லி.

“எங்க வீட்டுல மிஞ்சிப்போச்சு. வீணாக்க மனசில்ல. அங்கன வச்சிருக்கேன்” என்று மதினி உள்ளேயிருந்து சொன்னார்கள். யாருக்கு என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு தினமும் அந்தக் கல்லின் மேல் ஏதாவது மிஞ்சியிருந்தது.

தண்ணீரும் சோறும் ஆயிற்று. சங்கிலிக்கு வழி தெரியவில்லை.

வழியை எனக்குக் காட்டியது என் சொந்த உடம்புதான். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு உடம்பு ஊதி, முட்டு வலி வந்து, டாக்டரம்மா தினமும் முக்கால் மணி நேரம் நடக்கச் சொல்லியிருந்தார். நடக்க எனக்குக் கூச்சம். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் வேலையில்லாமல் ஒரு பெண் நடந்தால், டீக்கடையில் இருப்பவர்கள் ‘என்னம்மா, என்ன விசேஷம்?’ என்று கேட்பார்கள். அதற்காகவே காலிப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு காய்கறி வாங்கப் போகிறவள் போல நடந்தேன். ஊரைத் தாண்டி காட்டுப்பாதையில் இறங்கினால் தெருநாய்கள் பையைக் குறிவைத்து விரட்டின. இரண்டு தடவை பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தேன்.

இரண்டாவது தடவை மூச்சிரைக்கத் திரும்பி வந்து முற்றத்தில் உட்கார்ந்தபோது, அது சங்கிலியின் எல்லை வரை வந்து என்னையே பார்த்தது. அப்போதுதான் தோன்றியது. நாயைச் சரியாக வளர்க்கவில்லை என்று ஒருவரிடம் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். உங்கள் நாயால் எனக்கு ஒரு உதவி வேண்டும் என்று கேட்டால் வராது.

ஞாயிற்றுக்கிழமை, அண்ணாச்சி நார்க்கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். சின்னப் பிள்ளை இருந்தால் அவ்வளவாகத் திட்ட மாட்டார் என்று ஒரு கணக்கு.

“அண்ணாச்சி, டாக்டர் என்னை நடக்கச் சொல்லிருக்காவ. தெருநாய் வெரட்டுது. உங்க நாயைத் துணைக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா? அது கூட வந்தா ஒரு நாயும் கிட்ட வராது.”

அவர் பேப்பரைத் தாழ்த்தினார்.

“கடிச்சிருச்சுன்னா?”

“கடிக்காது அண்ணாச்சி. கடிச்சா உங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன்.”

“உனக்குத் தெரியாது தாயி. அது என்னையே விடலை.”

உள்ளேயிருந்து மதினியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அண்ணாச்சி அந்தப் பக்கம் ஒரு முறை முறைத்துவிட்டு, சட்டைக் கையை மேலே ஏற்றினார். மணிக்கட்டுக்கு மேல் நாலு தழும்பு. மகன் போன அடுத்த வாரம் குளிப்பாட்டப் போயிருக்கிறார். கடித்துவிட்டது. தெரிந்த ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று, பஸ் ஏறி கழுகுமலைக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். வளர்த்த நாயே கடித்துவிட்டது என்று மார்க்கெட்டில் எப்படிச் சொல்வது? மகனிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து யாரும் அதன் பக்கத்தில் போகவில்லை.

இத்தனை நாளும் நான் அவரைக் கல்நெஞ்சுக்காரர் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். மனுஷர் பயந்துபோய் இருந்திருக்கிறார்.

“அவுக்க முடிஞ்சா கூட்டிட்டுப் போ” என்றார் கடைசியில்.

அன்றைக்குச் சாயங்காலம் அவிழ்த்தேன். கொக்கி துருப்பிடித்து இறுகியிருந்ததால் வீட்டுக்காரர் கட்டிங் பிளேயரும் தேங்காய் எண்ணெயும் கொண்டுவந்தார். ஆனால் கோட்டைத் தாண்டி வரவில்லை. நான் கருவாட்டுத் தலையை இடது கையில் நீட்டியபடி, ‘ஏட்டி, சும்மா இரு ஏட்டி’ என்று பேசிக்கொண்டே உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்தேன். அதன் உடம்பெல்லாம் நடுங்கியது. என் முழங்கையை முகர்ந்தது. கடிக்கவில்லை. கொக்கி கழன்றதும் நாலு முழம் நடந்தது. சாக்கட்டிக் கோட்டின் மேல் நின்றுவிட்டது. கழுத்தில் சங்கிலி இல்லை, ஆனாலும் அதற்கு மேல் கால் வரவில்லை. நான் கோட்டுக்கு வெளியே போய் உட்கார்ந்து கூப்பிட்டேன். கால் மணி நேரம் கழித்து ஒரு காலை எடுத்து வைத்தது.

புதுக் கயிறு வாங்கி, மறுநாளிலிருந்து நடந்தோம். முதல் வாரம் தெரு முனை வரைக்கும்தான். அதற்கே நாய்க்கு இளைத்தது, எனக்கும் இளைத்தது. டீக்கடையில் பார்த்தார்கள். ‘நாயை நடத்திட்டு வாரேன்’ என்று சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. காலிப் பையைத் தூக்கி எறிந்தேன். பத்து நாளில் காட்டுப்பாதைக்குப் போய்விட்டோம். தெருநாய்கள் தூரத்தில் நின்று குரைத்தன. என் நாய் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த ஒரு நாள் நான் ஒரு தப்புப் பண்ணினேன். கரிசல் மண் நனைந்தால் தெரியும், செருப்பில் அப்பி ஒவ்வொரு காலும் செங்கல் கனம் கனக்கும். செருப்பைக் கழற்றி மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். பருத்திச் செடிகளுக்குள்ளிருந்து ஒரு முயல் எழுந்து ஓடியது. ஒரே இழுப்பு. அந்த ஒல்லித் தலை பட்டையிலிருந்து உருவிக்கொண்டது. என் கையில் கயிறும் பட்டையும் மட்டும். சந்தன நிறத்தில் ஒரு கோடு கறுப்பு மண்ணின் மேல் போவதைப் பார்த்தேன். அவ்வளவு வேகமாக ஒரு உயிர் ஓடி நான் அதுவரை பார்த்ததில்லை. பயத்திலும்கூட ஒரு நிமிஷம் வாயைப் பிளந்து நின்றுவிட்டேன்.

பிறகு கத்தினேன். “ஏட்டி! ஏட்டீ!”

தூரத்தில் களையெடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்தாள். “என்னக்கா, என்னையா கூப்பிடுதீங்க?”

“இல்லம்மா, நாயை.”

“நாயை ஏட்டிங்கீங்களா!” என்று அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் புஞ்சைக்காரர்களும் நிமிர்ந்தார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அண்ணாச்சியிடம் என்ன சொல்வேன்? வீட்டுக்காரரிடம் என்ன சொல்வேன்? முக்கால் மணி நேரம் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண்ணும் களைக்கொத்தியோடு வந்து துணைக்கு உட்கார்ந்தாள். பிறகு ஓடை மேட்டிலிருந்து நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு அது மெல்ல நடந்து வந்தது. வயிறு வரைக்கும் சகதி. முயல் இல்லை. என் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது.

நடந்ததை மறைக்க முடியாது. மறுநாள் சந்தைக்கு வரும் ஆட்களே சொல்லிவிடுவார்கள். நேராக அண்ணாச்சியிடம் போய், கழுத்துப்பட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடிவிட்டது, திரும்பி வந்துவிட்டது என்று சொன்னேன். திட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன்.

“முயலைப் புடிச்சுதா?” என்றார்.

“இல்ல அண்ணாச்சி.”

“சும்மா கட்டிப் போட்டு வச்ச நாய். ஒழுங்காத் தின்னும் இருக்காது. அது எப்படிப் புடிக்கும்?” என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது போல. எழுந்து உள்ளே போய்விட்டார்.

மறுநாள் துவைக்கிற கல்லின் மேல் இட்லியோடு இரண்டு முட்டையும் இருந்தது. அந்த வாரமே கடை ஆளைக் கூப்பிட்டு, ஒரு ஆட்டோ வைத்து என்னையும் நாயையும் மாட்டாஸ்பத்திரிக்கு அனுப்பினார். டாக்டர் கழுத்துப் புண்ணுக்கு மருந்து போட்டு, நகத்தை வெட்டி, உண்ணிக்குக் குளிப்பாட்ட ஒரு மருந்தும் கொடுத்தார். அந்தக் குளியலின்போது அண்ணாச்சி நாலடி தள்ளி நின்று வாளி வாளியாகத் தண்ணீர் மட்டும் எடுத்துக் கொடுத்தார். நான் அதன் தலையை அணைத்துப் பிடித்துக்கொண்டு, “இப்ப முதுகைத் தொடுங்க அண்ணாச்சி” என்றேன். ஒரு விரலால் தொட்டார். பிறகு உள்ளங்கையால். மதினி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

தைப் பொங்கலுக்குள் மோட்டார் அறைச் சுவரில் சங்கிலி இல்லை. மாசியில் ஒருநாள் நான் கிளம்பும்போது அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். “எனக்கு சுகர் இருக்கு தாயி. நானும் வாரேன்.” முன்னால் நாய், பின்னால் அவர், பத்தடி தள்ளி நான். கடம்பூருக்கு வசூலுக்குப் போய் வந்தால் என் பிள்ளைகளுக்குப் போளி வாங்கி வருவார். அதில் ஒன்று யாருக்கும் தெரியாமல் நாய்க்குப் போகும். எல்லாருக்கும் தெரியும்.

அந்த வீட்டில் ஆறு வருஷம் இருந்தோம். ஊருக்குக் கிழக்கே சின்னதாக ஒரு சொந்த வீடு கட்டிப் போகும்போது, என் மனசில் ஒரே ஆசைதான். அந்த நாயை எனக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றே நம்பியிருந்தேன். சாமான் வண்டி வந்து நிற்கும்போது தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“அண்ணாச்சி, இதை நான் கூட்டிட்டுப் போகட்டுமா?”

“என்ன தாயி பேசுத? எங்க வீட்டு நாயை எப்படித் தர?” என்று அவர் அதன் கழுத்தை அணைத்துக்கொண்டார். குரலில் நிஜமான கோபம். எனக்குக் கண் நிறைந்தது. ஆனால் வண்டியில் ஏறிய பிறகு, நான் சிரித்துக்கொண்டிருப்பதாக வீட்டுக்காரர் சொன்னார்.

அதன் பிறகு எப்போதாவது மார்க்கெட் பக்கம் போனால் அண்ணாச்சி கடையில் நிற்பேன். வத்தல் மூட்டைகளுக்கு நடுவில், அவர் நாற்காலிக்குக் கீழே அது படுத்திருக்கும். முகம் நரைத்துவிட்டது. நான் கூப்பிட்டால் எழுந்து வந்து சேலையை முகர்ந்துவிட்டுத் திரும்ப அவர் காலடிக்கே போய்விடும். அண்ணாச்சி அதன் செரிமானத்தைப் பற்றியும், மழைக்காலத்தில் அதற்கு வரும் கால் வலியைப் பற்றியும், மதினி அதற்கு முட்டை கொடுத்துக் கெடுப்பதைப் பற்றியும் அரை மணி நேரம் பேசுவார். நான் உளுந்து வாங்க வந்ததையே மறந்து கேட்டுக்கொண்டு நிற்பேன்.