கன்னியாவுக்குக் குளிக்கப் போன நாள்

கனடாவிலிருந்து வந்த அண்ணை, திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகளைத் தன் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று வந்த நாள் தொட்டு ஒற்றைக் காலில் நின்றார். பக்கவாதத்தில் விழுந்து கிடக்கும் அம்மாவை அயல்வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு, குடும்பமே வாடகை வான் பிடித்துக் குளிக்கப் போகிறது என்று எந்த முகத்தோடு சொல்வது? பொய் சொன்னது நான்தான். அம்மாவின் கட்டில் ஓரத்தில் எல்லாருக்கும் தலை துவட்டத் துவாய்களை மடித்து அடுக்கியபடியே, "உங்கடை நேர்த்திக்குக் கோயிலுக்குப் போட்டு வாறம் அம்மா" என்றேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஐந்து மணி நேர ஓட்டம். அங்கே சின்னச் சின்னக் கிணறுகள் ஏழு. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. பிள்ளைகள் வாளியால் அள்ளி ஊற்றிக் கூத்தாட, அண்ணை படம் பிடித்தார். எனக்கு அவர்மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஆனால் முதல் வாளித் தண்ணீர் முதுகில் விழுந்ததும் அம்மாவை மறந்தே போனேன். ஏழு கிணற்றிலும் குளித்தேன்.

பொழுதுபட வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா கண்ணை மூடி நெற்றியைச் சற்று உயர்த்தினார். கோயிலுக்குப் போய் வந்தவர்கள், போக முடியாதவருக்குத் திருநீறு பூசிவிடுவது எங்கள் வழக்கம். நாங்களோ ஒரு கோயில் வாசலையும் மிதிக்கவில்லை. அண்ணை என்னைப் பார்த்தார். நான் சாமியறைக்குள் ஓடி, வீட்டுத் திருநீற்றையே எடுத்து வந்து பூசினேன்.

"பூசினது காணும் பிள்ளை" என்றார் அம்மா, கண்ணைத் திறக்காமலே. "கோயிலுக்கு ஆரும் உவ்வளவு துவாய் கொண்டு போவினமே? தண்ணி நல்ல சூடோ?"