குருமண்வெளிப் பக்கமாகக் கிறுகிய ஞாயிறு

நாற்பது வருடம் சைக்கிளிலேயே போய்ப் பிள்ளைப்பேறு பார்த்து, ஊரெல்லாம் 'மிட்வைப் மிஸ்' என்று பேரெடுத்த கேதீஸ்வரி, ஓய்வுபெற்ற காலத்தில் ஒரு கள்ள வேலை செய்தாள். தன் சைக்கிள் டயரில் தானே ஊசியால் குத்தினாள்.

கல்லடிப் பாலத்தடியில் ஞாயிறு தோறும் கூடும் சைக்கிள் கூட்டத்தில் ஒரு வழமை. போன கிழமை யாருக்குக் காற்றுப் போனதோ, இந்தக் கிழமை வாவியை எந்தப் பக்கத்தால் சுற்றுவது என்று அவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் யார் சொன்னாலும் ஒரே சொல்தான். முதலில் மண்முனைப் பாலம், பிறகு படுவான்கரை வயல்வெளி, மண்டூரில் பாதை ஏறிக் குருமண்வெளி, மெயின் ரோட்டால் வீடு. வாவியைக் கடக்கும் தட்டைப் படகைத்தான் அங்கே பாதை என்பார்கள்.

கேதீஸ்வரிக்கு இதைத் தலைகீழாகப் போக வேண்டும். வாய்விட்டுக் கேட்க வெட்கம். செத்துப்போன புருசனுக்காக இத்தனை பேரை வெயிலில் காயவிடுவதா?

ஒட்டுப் போட உட்கார்ந்த காத்தான்குடிப் புடவைக்கடை சரீப் டியூபைத் தடவிப் பார்த்தார்.

"மிஸ், இது என்ன முள்ளு? தையல் மெசினுக்குள்ள முளைச்ச முள்ளா?"

"வாயப் பொத்திக்கிட்டு ஒட்டுங்க நானா!"

அடுத்த ஞாயிறு அவள் திசை சொன்னாள். "இண்டைக்கு முதல்ல குருமண்வெளி. அங்கால போய்க் கிறுகித் திரும்புவம்."

"ஐயோ மிஸ்!" திவாகரன் தலையில் கை வைத்தான். கூட்டத்தில் இளையவன், பேங்கில் வேலை. "மறுகா அந்த வட்டை வயல்வெளிய உச்சி வெயில்லயா தாண்டுற? கருவாடாப் போயிருவம்!"

"நீ இப்பவே கருவாடுதான். மிதிடா தம்பி," என்றார் சரீப்.

குருமண்வெளியில் பாதை புறப்பட்டபோது காலைச் சூரியன் முதுகில் சுட்டது. கேதீஸ்வரி முன் விளிம்பில் போய் நின்றாள்.

அக்கரை மண்டூர்தான் அவள் பிறந்து வாழ்க்கைப்பட்ட ஊர். புருசன் பேரின்பராசாவுக்கு இக்கரையில் வேலை. யுத்த காலம். சனிக்கிழமை விடிந்தால் சைக்கிளோடு பாதையில் வருவார். வராத சனிகளும் உண்டு. அவள் வெள்ளனவே துறையில் போய் நிற்பாள். எதிர்வெயிலில் கண் கூசும். பாதையில் நிற்பவர்கள் வெறும் கறுப்பு நிழல்கள். அதில் தன் நிழலைக் கண்டுகொண்டதும் உடைந்துபோய் அழுவாள். அழுது முடித்து, முந்தானையால் துடைத்து, அவர் இறங்கும் நேரம் முகத்தை உம்மென்று வைத்துக்கொள்வாள். ஏங்கிக் கிடந்தது தெரிந்தால் மனுசனுக்குத் தலைக்கனம் வந்துவிடுமே!

"ஏன் கா கோவம்?" என்று கேட்டுச் சிரிப்பார். எப்போதும் அதே சிரிப்பு. அது அவளுக்கு எரிச்சலாக இருக்கும்.

அவர் கண்ட கரையை ஒருமுறை அவர் நின்ற இடத்தில் நின்று காண வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

பாதை நடு வாவியைத் தாண்டியது. மண்டூர்த் துறை மெல்லக் கிட்ட வந்தது. இளவெயில் அந்தக் கரை முழுவதையும் வெளிச்சம் போட்டுக் காட்டியது. அங்கே பாதைக்குக் காத்திருந்த ஒரு பெண் மூக்குத்தியைத் திருகுவது தெரிந்தது. அவள் இடுப்புப் பிள்ளை கொட்டாவி விடுவதும் தெரிந்தது.

கேதீஸ்வரி திரும்பி முதுகுப் பக்கத்துச் சூரியனைப் பார்த்தாள்.

அவளுக்குத்தான் அவர் நிழல். அவருக்கு அவள் நிழலாக இருந்ததே இல்லை. தேம்பியது, மூக்கைச் சிந்தியது, முந்தானையை உதறி உம்மென்று மாறியது, ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டேதான் வந்திருக்கிறார். சாகும்வரை ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

பாதை துறையில் முட்டியது. எல்லோரும் சைக்கிளை உருட்டி இறங்கினார்கள். அவள் அசையவில்லை. தோள்கள் குலுங்கின.

"மிஸ், அழுறீங்களா?" சரீப் பதறி ஓடிவந்தார்.

"இல்ல நானா." அவள் வாய் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது. "கள்ள மனுசன்! எல்லாத்தையும் பாத்திருக்காரு."

இந்த முறை அவள் முகத்தைத் துடைக்கவில்லை. அப்படியே கரையில் இறங்கினாள்.